நுழைவுச்சீட்டு

செவ்வாய்க்கிழமை மதியம் சலோரியில் மின்சாரம் போனால்
பிரிண்டர் செத்த மாதிரிதான்.
லல்லனைக் கடையில் உட்காரவைத்துவிட்டு
கிரண்மாலா டாக்கீஸுக்குப் போனேன்,
மூன்று மணி ஆட்டம்.

இளைஞர்களின் படமாம்.
சுவரொட்டியில் ஐந்து பேர் குதிக்கிறார்கள்.
எங்கே இறங்குவார்கள் என்பது அதில் இல்லை.

எனக்கு முப்பத்தொன்பது.
அரங்கில் மற்ற எல்லோருக்கும் இருபத்திரண்டு,
அல்லது மூன்று வருடமாக இருபத்திரண்டு.
அலகாபாத்தில் தேர்வு தள்ளிப்போகும்போது
வயதும் கூடவே நின்றுவிடும்.

முதல் பாதி பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன்.
குட்டைமுடிப் பெண் ஒருத்தி
விடுதி மொட்டைமாடியில் பல் துலக்கிக்கொண்டே
"படிச்சுக்கிட்டுதான் இருக்கேன் பப்பா" என்று போனில் சொல்ல
நுரை தெறித்தது திரை முழுக்க.
நானும் சிரித்தேன், வாயைப் பொத்தாமல்.

ஆனால் அவர்களிடம் ஒரு ஜீப் இருந்தது.
பெட்ரோல் யார் போட்டார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை.
மலைவரைக்கும் போய்
மலையைப் பார்த்துக் கத்தினார்கள்.
மலை எல்லாவற்றையும் ஆமோதித்தது.
எங்கள் பக்கம் மலை கிடையாது.
கத்தினால் எதிர்வீட்டு மிஸ்ராஜி ஜன்னலைத் திறப்பார்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில்
கதாநாயகன் தேர்வு மையத்தின் வாசலில் நிற்கிறான்.
மழை. அது வராமல் எப்படி?
நுழைவுச்சீட்டை எடுக்கிறான்,
கிழிக்கிறான்,
நாலாக, எட்டாக.
துண்டுகள் மெல்ல, மெல்ல, மிக மெல்ல விழுகின்றன.
ஒரு காகிதத்துக்கு இவ்வளவு நேரம்
எந்தத் தேர்வு அறையிலும் யாரும் கொடுத்ததில்லை.

விசில் கூரையைப் பிய்த்தது.
யாரோ ஒருவனின் செருப்பு திரைவரை பறந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம்
எழுபது ஜிஎஸ்எம் தாள், ஒரு பக்கம், கறுப்பு வெள்ளை,
இரண்டு ரூபாய்.
பார்கோடு மங்கலாக இருந்தது, டோனர் தீரப்போகிற மங்கல்.
என் கடையாக இருந்தால்
அந்தப் பிரதியை அவன் கையில் கொடுத்திருக்கவே மாட்டேன்.

பக்கத்து இருக்கைப் பையன் விசிலடிக்கவில்லை.
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.
மறுபடி தொட்டான்.
திரை வெளுத்தபோது முகம் தெரிந்தது:
அவ்னீஷ், தேவ்ரியாக்காரன்.
புகைப்படம் பெரிதாக இருக்கிறதென்று
விண்ணப்பம் நாலு தடவை திரும்பிவந்தவன்.
இருபது கேபிக்குள் அவன் முகத்தை
நான்தான் அடக்கிக் கொடுத்தேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.

முடிவில் அப்பா வந்து கட்டிக்கொண்டார்.
சினிமா அப்பாக்களுக்கு
கடைசிப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிடுகிறது.

நானும் ஒரு காலத்தில் தேர்வுக்குக் கிளம்பியவள்தான்.
சீட்டைக் கிழிக்கவில்லை.
ரயில் ஆறு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான்.
முகல்சராய் நடைமேடையில் உட்கார்ந்து
வேர்க்கடலை தின்றுகொண்டே
பத்து மணி ஆவதைப் பார்த்த பெண்ணுக்கு
யார் விசிலடிப்பார்கள்?
மழைகூட இல்லை அன்றைக்கு.

"படம் எப்படி?" என்றான் லல்லன்.
"பாதி நல்லா இருந்தது."
"எந்தப் பாதி?"
பதில் சொல்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

மறுநாள் ஷட்டரை முழுக்கத் தூக்கக்கூட இல்லை,
குனிந்து உள்ளே வந்தான் அவ்னீஷ்.
கண் சிவந்திருந்தது.
"தீதீ, அட்மிட் கார்டு இன்னொரு பிரிண்ட் வேணும்.
பழசு மழையில நனைஞ்சுபோச்சு."

ஊரில் மழை பெய்து பத்தொன்பது நாள் ஆகிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
பிரிண்டர் சூடாகும்வரை இருவரும்
அதன் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
புது டோனர். பார்கோடு கோடு கோடாகத் தெளிவாக வந்தது.
அவன் முகமும், வழக்கம்போல
கொஞ்சம் நசுங்கி.

இரண்டு ரூபாய் நாணயத்தை நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.
வாங்காமல் விட்டிருந்தால்
எனக்குத் தெரியுமென்று
அவனுக்குத் தெரிந்துபோயிருக்கும்.