எங்கள் முறை

டைரியில் சிவப்பு மையில்
சிஸ்டர் பெனடிக்டா எழுதியிருந்தார்:
திங்கள் முதல் வெள்ளி வரை
இஞ்ஞாசி வீட்டார்.

வாய்க்கால் முறையும் இதே வாரம்தான்.
மூணாறு தலைப்பில் திறந்தாகிவிட்டது,
வெண்ணாற்றுத் தண்ணீர்
சிவப்பு மைக்குக் காத்திருக்குமா?

திங்கள், பள்ளிச் சாவி என் இடுப்பில்.
மூன்று அறை, நாற்பத்தொரு பிள்ளைகள்,
ஒரு மணி. அதன் நாக்கு
யார் டிராக்டரிலோ கழன்ற போல்ட்டு.
செவ்வாய், குடிநீர்ப் பானை கழுவினேன்.
புதன் மழை,
வேறெதுவும் ஞாபகமில்லை.
வியாழன் சிலேட்டுக் குச்சி தின்ற பிள்ளையை
வாய் கொப்பளிக்க வைத்தேன்.

இரவெல்லாம் மடையில் நின்ற மனிதர்
வெள்ளி காலை
கெபிக்குப் பூ வைக்க வந்தார்,
காலில் சேறு காயாமல்.
மாதாவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை,
பீடத்தடியில் தேங்கிய தண்ணீரைத்தான் பார்த்தார்.
மண்வெட்டி வாங்கி
ஒரு சாண் அகலம் வெட்டிவிட்டார்.
மங்கள வார்த்தை ஜெபம்
பாதியில் மெலிந்தது.
நாற்பத்தொரு ஜோடிக் கண்கள்
தண்ணீர் போகும் பக்கம் போயின.
சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை,
அங்கியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

டைரியில் கையெழுத்துப் போட
இரண்டாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தவர்
முதலெழுத்தோடு தூங்கிப்போனார்.
முழங்கால் மேசைக்குள் அடங்கவில்லை.
இஞ்ஞாசி
அப்பா விரலிலிருந்து பேனாவை மெல்ல உருவி
மீதிப் பெயரை எழுதினான்,
'ற்' வேண்டிய இடத்தில் 'ர்' போட்டு.
சிஸ்டர் அதற்கும் சரி என்று குறி போட்டார்.

வகுப்பு தொடங்க மணி அடிக்க வேண்டும்.
அதுவும் எங்கள் முறைதான்.
போல்ட்டைக் கையில் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தேன், கொஞ்ச நேரம்.