விகுதி

முனிர்க்காவில் நவம்பர்.
காற்றின் எண் நானூற்றுப் பன்னிரண்டு என்கிறது போன்.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகிவிட்டு
முந்நூற்றைம்பது ஆண்டுப் பழைய கண்ணாடிக் குடுவைக்குள்
மறுபடி இறங்குகிறேன்.

உள்ளே ஒரு சிட்டு.
வெளியே தொப்பி வைத்த கனவான்கள்.
வெற்றிடம் உண்டா இல்லையா என்பது வழக்கு.
லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார் ஒருவர்:

காற்றை வெளியேற்றினோம்.
பறவை தள்ளாடியது.
அதன்மேல் இரங்கி நிறுத்தினோம்.

எழுவாய் இல்லை.
விகுதிக்குள் ஒரு கூட்டமே ஒளிந்திருக்கிறது.
நம்மிலும் அப்படித்தான்,
ஓம் என்று முடித்துவிட்டால் யார் யாரென்று
ஒருவரும் கேட்பதில்லை.
ஆய்வேடு ஆங்கிலத்தில். அங்கே இந்தத் தொல்லை வராது.
என் குறிப்புகள் தமிழில்.
நாமா, நாங்களா?
பேனா அந்த இடத்தில் நின்று
மூன்று நாளாகிறது.

அதே வீட்டின் செலவுக் கணக்கு
நேற்றுத்தான் கிடைத்தது, ஸ்கேன் செய்த படமாக,
ஓரம் பூச்சி தின்றது.
மெழுகு. ஆட்டுக் கொழுப்பு. சிட்டு ஆறு.
பம்பு இழுப்பவனுக்கு பியர், இரண்டு பென்னி.
பிறகு, சோதனை நடந்த அதே தேதியில்:
இழுப்பவன் மயங்கி விழுந்தான்,
அரை நாள் கூலி பிடித்தம்.

பேர் சராய் முனையில் லல்லன் பாஸ்வானின் சைக்கிள் கடை.
கைப்பம்பை வாங்கி நானே அடித்துப் பார்த்தேன்.
முப்பத்தேழில் தோள் கேட்டது.
இது உள்ளே அடிப்பது, அது வெளியே இழுப்பது,
வலி என்னவோ ஒரே பக்கம்தான்.
"இதற்கும் பிஎச்டி தருகிறார்களா?"
சிரிக்கத் தொடங்கியவர் இருமலில் முடித்தார்.
மாஸ்க் ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கியது, கறுத்துப்போய்.
டயர் கல்லாக நின்றது.
பணம் வாங்க மறுத்துவிட்டார்,
அடித்தது நான்தானாம்.

சிட்டு பிழைத்தது இரக்கத்தாலா?
ஒரு ஆள் விழுந்தான்,
கைப்பிடி தானாகப் பின்வாங்கியது,
காற்று உள்ளே வந்தது.
இவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

"அடிக்குறிப்பில் போடு" என்கிறார் மிருணாளினி பக்ஷி,
"கணக்கேட்டை வைத்துத் தத்துவம் பேச முடியாது."

இரவு இரண்டு மணி.
நாங்கள் நிறுத்தினோம் என்று எழுதி
அடித்தேன்.
நாம் என்று எழுதக் கூச்சமாக இருந்தது.
அவன் நின்றான்
என்று எழுதிவிட்டு மூடினேன்.

ஆதாரம் கேட்பார்கள்.
அரை நாள் கூலி.