இரண்டு ரூபாய் நகல்

புதுவயலில் இரவு பத்துக்கு மேலும்
ஆலைகள் உமி ஊதும்.
காக்கியில் விழுந்ததைத் தட்டிக்கொண்டு
அழகுமீனாள் வீட்டு வாசலில்
பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.
பதினைந்து நாள் பாதுகாப்பு:
ஒரு லத்தி, ஒரு டார்ச், ஒரு பாரா புத்தகம்.

கிடங்கில் எடை எழுத்தர் அவர்.
ரேஷன் மூட்டை எண்பத்து நான்கு
ஆலைக்குள் போய்ப் பட்டை தீட்டிக்கொண்டு
வேறு சாக்கில் வெளியே வந்ததை
லாரி எண்ணோடு, மணியோடு எழுதி அனுப்பினார்.
‘என் பெயர் வெளியே வர வேண்டாம்’
என்ற வரிக்கு அடியில் இரண்டு கோடு.

மூன்றாம் நாள்
கிடங்கு வாசலில் ஒருவன்
கடிதத்தை மனப்பாடமாக ஒப்பித்தான்.
"அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்கியே" என்றான்.
நான்காம் நாள்
அவர் மகனின் சைக்கிள் ஊருணியில் கிடந்தது,
கைப்பிடி மட்டும் வெளியே தெரிய.
நல்லவேளை, பையனுக்கு அன்று காய்ச்சல்.

சட்டம் இருக்கிறது என்றார்
சிவகங்கையிலிருந்து வந்த வக்கீல்.
கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டதாம்,
என்றைக்கு முதல் என்பதைத்தான்
இன்னும் யாரும் எழுதவில்லையாம்.
"பரிசம் போட்டாச்சு, முகூர்த்தம்தான் குறிக்கல"
என்று அவரே சிரித்தார்.
அழகுமீனாள் சிரிக்கவில்லை.

தினமும் பதினொரு மணிக்கு வரக்காப்பி தருவார்.
"சீனி போதுமா ஏட்டையா?"
தலையை மட்டும் ஆட்டுவேன்.
தொண்டையில் உமி.

கடிதம் நிலையத்துக்கு வந்த மத்தியானம்
"ஒரு காப்பி எடுத்துட்டு வாய்யா" என்றார் ஆய்வாளர்.
பஸ் ஸ்டாண்ட் கடையில்
முன்னும் பின்னுமாக எடுத்தேன்.
யாருக்கு என்று கேட்கவில்லை.
கேட்காமலே தெரியும் என்பதும் உண்டு.

இன்று கடைசி நாள்.
எழுத வேண்டியதில்லை,
படிவத்தில் அச்சாகியே வந்திருக்கிறது:
மனுதாரருக்கு அச்சுறுத்தல் ஏதுமில்லை.
அவர் கையெழுத்து, அதன் கீழே என்னுடையது.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
தராசு முள் நிற்கும்வரை காத்திருப்பவர் மாதிரி
நிதானமாகப் படித்தார்.
"நகலுக்கு ரெண்டு ரூபா ஆயிருக்குமா ஏட்டையா?
யாரு காசு?"

ஆலை ஊதிக்கொண்டே இருந்தது.
என் காசு என்றேன்.

அவர் உள்ளே போகவும் இல்லை,
கதவைச் சாத்தவும் இல்லை.
படிவத்தை மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.
"வெள்ளைத்தாள் இருக்கா?"

இரண்டு கொண்டுவந்தார்.
"இன்னொண்ணு நகலுக்கு.
கையாலயே எழுதிருங்க,
கடைக்குப் போக வேணாம்."