மேலுதடு

முதலில் மாறியது குளியலறைத் தாழ்ப்பாள்.
முப்பது வருடம் சும்மா சாத்திக் கிடந்த கதவு.
இப்போது என் வீட்டில் நானே தாளிட்டுக்கொண்டு
சத்தம் வராமல் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன்.

சிரம்பான் ஏஜென்சிக்குப் பணம் கட்டியது பெரியவன்.
"இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்றான் ஜொகூரிலிருந்து.
அதை எங்கே வைத்திருக்கிறது என்று சொல்லவில்லை.
துடைத்த மேசையை இன்னொரு முறை துடைத்தபடி
தேடிக்கொண்டிருக்கிறேன்.

நூர்லேலா. லோம்போக்காரி. முப்பத்திரண்டு வயது.
உப்பு டப்பாவும் சீனி டப்பாவும் இடம் மாறின.
ஆஸ்பத்திரிக் கட்டில் உள்ளே வர
எங்கள் கட்டில் கழன்று கார் கொட்டகைக்குப் போனது.
அறை வாசலில் பாய் விரித்து அவள் படுக்கிறாள்.
பிள்ளைகள் அறையில், துருப்பிடித்த பள்ளிக் கோப்பைகளுக்குக் கீழே,
சுவருக்கு அந்தப் பக்கத்து இருமலை நான் எண்ணுகிறேன்.
செருப்பைத் தேடி எழுவதற்குள்
அவள் எழுந்துவிட்டிருக்கிறாள்.

என்னிடம் நாலு வாய்க்கு மேல் வாங்காதவர்
அவள் கையால் கிண்ணத்தைக் காலி செய்கிறார்.
"தெரிமா காசே" என்றேன். சொல்லத்தானே வேண்டும்.
சொல்லிவிட்டு
கொல்லையில் நின்று வெண்டைச் செடிக்கு
தேவைக்கு மேல் தண்ணீர் விட்டேன்.

பத்து மணிக்கு மேல்
எண்ணெய் ஆலையின் புளித்த வாடை பஹாவ் முழுக்க இறங்கும்.
அடுப்படியில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து
மகனைத் தூங்க வைப்பாள். ஆறு வயதாம்.
அவன் தூங்கும்வரை எனக்குத் தாகம் எடுப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை
நான் சந்தைக்குப் போய் வருவதற்குள்
மீசையை மழித்துவிட்டாள்.
கஞ்சி ஒட்டுகிறதாம். புண்ணாகிறதாம்.

கெம்போங் மீன் பை தரையில் சொட்டியது.
மூன்றாம் டிவிஷன் மண்டோர் அங்கமுத்துவின் மீசை அது.
அறுபது வெட்டுக்காரர்களை அதட்டாமல் அடக்கியது.
பெண் பார்க்க வந்த அன்று
எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்ததே அதுதான்,
அவர் அதற்குப் பின்னால் எங்கோ இருந்தார்.
கத்த வாயைத் திறந்தேன். மலாய் வரவில்லை.
தமிழும்.

அவளோ அவர் தாடையைப் பிடித்து
வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
மேலுதட்டில் வெளுத்த ஒரு கோடு,
நெல்மணி நீளம், தையல் போட்ட தடம்.
"இனி அபா, ஈபு?"
இது என்னவென்று
என்னிடம் கேட்கிறாள்.

நாற்பத்தொரு வருடம்.
கத்தியா, சைக்கிளா,
சின்ன வயதில் யாராவது அடித்ததா.
அவரைப் பார்த்தேன்.
வாய் எதையோ தூக்கப் பார்த்தது, முடியாமல் வைத்துவிட்டது.
கண் ஜன்னலுக்குப் போனது.

"தாக் தாவ்" என்றேன். தெரியாது.
அவள் சிரிக்கவில்லை.
காலால் ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.

இன்று மறுபடி வெள்ளி.
முள்முள்ளாய் முளைத்திருக்கிறது.
தலையை அவள் பிடித்துக்கொள்ள
நுரையை நான் பூசினேன்.
தழும்பின் மேல் பிளேடு ஏறும்போது
மூன்று பேரும் மூச்சை நிறுத்தியிருந்தோம்.

அப்புறம் அவர் தும்மினார்.
என் மூக்குக் கண்ணாடி முழுக்க நுரை.