நாலு மூலை

சதுரத்துக்குள் சதுரமாய்ப் போட்ட ஊர் இது.
ஆடி வீதியைச் சித்திரை வீதி சுற்றும்,
அதை ஆவணி மூல வீதி,
அதை மாசி வீதி, பிறகு வெளி வீதி.
இங்கே வளர்ந்த கண்ணுக்கு
நாலு மூலை இல்லாத துணி
கிழிந்த துணி.

காலேஜில் ஏதோ ஆசியப் போட்டி.
எட்டு நாட்டுக் கொடி, எல்லாம் நாலுக்கு ஆறு அடி,
வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னால் வேண்டுமென்று
வாட்ஸப்பில் படம் அனுப்பினார் பி.டி. மாஸ்டர்.
ஏழு கொடி சிக்கலில்லாமல் முடிந்தது.
எட்டாவதில் ஒன்றின் கீழ் ஒன்றாய் இரண்டு முக்கோணம்,
வலப்பக்கம் காலி.
படத்தை யாரோ பாதியில் வெட்டிவிட்டார்கள் என்று
காலி இடத்தில் வெள்ளை பாப்ளின் வைத்து
நேராக்கினேன்.
நல்லது செய்த திருப்தியில் ஒரு டீயும் குடித்தேன்.

மாதம் பிறந்தால் விசில்காரர் வருவார்,
ராத்திரி கடைத்தெருவில் தடி தட்டிப் போகிறவர்.
முப்பது ரூபாய்.
"கூர்க்கா வந்திருக்கு" என்போம்.
'வந்திருக்கார்' என்று யாரும் சொன்னதில்லை.

அன்று அவர் காசுக்குக் கை நீட்டவில்லை.
தொங்கிய கொடிக்கு முன்னால்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.
வெள்ளையை மட்டும் ஒரு விரலால் தொட்டார்.
"பாய், இந்த வெள்ளை எங்க நாட்டுல இல்ல."

சண்டைக்கு வந்த குரல் இல்லை.
வைகையில் தண்ணி இல்லை என்று
வெளியூர்க்காரனிடம் சொல்வோமே, அந்தக் குரல்.

கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்ப வேண்டுமென்று
அவர்கள் சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறதாம்.
பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் வைத்து வரைந்து
பிசகியதற்குப் பிரம்படி வாங்கியிருக்கிறார்.
"துணி வெட்டுறதுக்குமா சட்டம்?"
சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது
மேலூர்க்காரர் ஒருவரின் அழகர் வேஷக் குல்லா.
போன சித்திரையில் குஞ்சம் இடப்பக்கம் போய்விட்டதென்று
பஸ் ஏறி வந்து திருப்பிக் கொடுத்தவர்.
நான் தொழுகிற திசை வேறு.
ஆனாலும் "மன்னிச்சிருங்கண்ணே" என்று
நின்ற நிலையில் பிரித்து வலப்பக்கம் தைத்தேன்.
குஞ்சத்துக்கும் சட்டமா என்று
கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது.
நாங்களே இந்த ஊரை 'மருதை' என்போம்.
சென்னைப் பையன் ஒருத்தன்
அதையே இழுத்துச் சொல்லிக் கேலி செய்தபோது
கத்திரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன்,
கையில் இருந்தால் ஆபத்து.

"பேர் என்னங்க?"
ஆறு வருஷத்தில் முதல் தடவை.
"ஹஸ்த பகதூர் புன்."
இரண்டு முறை தப்பாகச் சொன்னேன்.
மூன்றாவதற்குத் தலையாட்டினார்,
முழுச் சம்மதம் இல்லாமல்.

பிரித்தேன்.
நீலக் கரை திரும்புகிற இடங்களை
பக்கத்தில் குந்தி அவரே காட்டினார்.
சிவப்பும் சரியில்லை என்றார்,
அவர்கள் மலையில் பூக்கும் ஒரு பூவின் சிவப்பாம் அது.
என் தானில் இருந்தது குங்குமச் சிவப்பு.
அதை மட்டும் எனக்காக விட்டுக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பி.டி. மாஸ்டர் எண்ணிப் பார்த்தார்.
"ஒண்ணு முடிக்கலையா பாய்?
வரிசையில அசிங்கமா இருக்குமே."
"முடிஞ்சிருச்சு சார். அது அப்படித்தான்."
நம்பாமல்தான் எடுத்துப் போனார்.

வெட்டிய பாப்ளின் இங்கேதான் கிடக்கிறது,
மிஷின் எண்ணெய் துடைக்க.

அடுத்த மாதம் முதல் தேதி
கல்லாவிலிருந்த பையனிடம்
"கூர்க்கா வந்திருக்கு" என்று ஆரம்பித்து
"புன் வந்திருக்கார்" என்று முடித்தேன்.
ஒட்டுப்போட்ட இடம்
அவருக்கும் தெரிந்திருக்கும்.