பதினேழு நடை

அந்தப் படத்தில் வருகிற ஆறு
என் லாரியில் வந்தது.

நடைக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர்,
பதினேழு நடை.
கடைசி மூன்று நடைக்கு இன்னும் காசு வரவில்லை,
ஆகவே படத்தின் பேரை
என் வாயால் சொல்வதாயில்லை.

மாதனூருக்குக் கீழே, பாலாற்றின் நடுவில்
பொக்லைன் வைத்துப் பள்ளம் பறித்தார்கள்.
தார்ப்பாய் விரித்தார்கள். அதன்மேல்
ஆற்றிலிருந்தே அள்ளிய மணலைக்
கோலமாவு போலத் தூவினார்கள்.
நான் ஹோஸை இறக்கி வால்வைத் திறந்தேன்.
முழங்கால், தொடை, இடுப்பு.
"போதும்ணா, ஃபிரேமுக்குள்ள ஆறு வந்துடுச்சு"
என்றான் காதில் ஒயர் மாட்டிய ஒரு சின்னப் பையன்.

கதாநாயகி இறங்கியதும் "ஐயோ, குளிருது" என்றாள்.
வசனத்தில் இல்லையாம் அது.
நன்றாயிருக்கிறதென்று வைத்துக்கொண்டார்கள்.
கத்திரி வெயிலில் எப்படிக் குளிரும் என்று
விமர்சனம் எழுதியவர்களுக்குத் தெரியாது:
துளசிராமன் கிணறு எண்பதடி.
சூரியன் அங்கே எட்டிப் பார்த்ததில்லை.

லாரியின் முதுகில்
ஸ்ரீ கெங்கையம்மன் வாட்டர் சப்ளை, குடியாத்தம்
என்று மஞ்சளில் எழுதியிருக்கும்.
கேமராவில் விழக்கூடாதென்று
சாக்குப் படுதா கட்டி மூடினார்கள்.

காட்பாடியில் இரண்டாம் ஆட்டம் பார்த்தேன்.
ஆறு வந்தது, நாலு நிமிஷம்.
நான் மட்டும் விசிலடித்தேன்.
முன்வரிசை திரும்பிப் பார்த்தது,
சண்டைகூட வரலையே, இவன் எதுக்கு என்று.

அப்புறம்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.
ஓசூரிலிருந்து பைக்கில்,
கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு,
ஆம்பூரில் பிரியாணியை முடித்து
வாயைத் துடைத்தபடி.
"ஆறு எங்கண்ணா?"
"இதாங்க."
"இது மணலாச்சே."
"நம்ப ஆறு அப்படித்தாங்க."
கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வந்த ஒரு ஜோடி
நீலச் சேலையொன்றை மணலில் நீளமாக விரித்து
அதன் ஓரத்தில் கால் நனைத்துக்கொண்டது.

ஒரு கார்த்திகையில் ஆந்திரா பக்கம் மழை கொட்டி
நிஜமாகவே வந்தது பாலாறு.
செம்மண் நிறத்தில்,
வேலிமுள்ளும் ஒற்றைச் செருப்பும் பிளாஸ்டிக் குடமும் சுமந்து
கரையோடு கரை.
அன்றைக்கு வந்த இரண்டு பையன்கள்
போனைத் தூக்கிப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்:
"இடம் மாறி வந்துட்டோம் மச்சான்."

போன மாசம் ஒரு ஆட்டோ வந்து நின்றது.
உள்ளே கல்கத்தா பக்கத்துத் தம்பதி.
வேலூர் காந்தி ரோட்டுப் பின்சந்தில் லாட்ஜ்.
அந்தம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.
அறையில் சும்மா கிடந்த பத்து நாளில்
வங்காளத்தில் பேசுகிற அந்தப் படத்தை
போனில் மூன்று தரம் பார்த்தாராம்.
ஊரில் வாசலிலேயே ஆறாம் அவர்களுக்கு.
இறங்கி, கரைவரை நடந்து,
இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்து
"ஜல்?" என்றார்.

இருபது வருஷமாக விற்கிற சரக்கு,
எந்தப் பாஷையில் கேட்டாலும் எனக்குப் புரியும்.
லாரியைக் காட்டினேன்.

ஆட்டோக்கார இம்தியாஸ் அரைகுறை இந்தியில் விளக்கினார்:
பள்ளம், தார்ப்பாய், பதினேழு நடை.
கணவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.
அந்தம்மா சிரித்தார்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
வலிக்கிறது என்று சைகை காட்டிக்கொண்டே
சிரித்தார்.

என் வால்வு எப்போதும் சொட்டும். வாஷர் மாற்றவில்லை.
அதன் கீழே உள்ளங்கையை நீட்டி நின்று
கணவரைப் படம் எடுக்கச் சொன்னார்.
கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்
ஐந்தாம் முறையாக எனக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார்.
எடுக்கவில்லை.
வால்வை ஒரு சுற்றுத் திறந்தேன்.

அந்தப் படத்தை இம்தியாஸ் பிறகு காட்டினார்.
கை நிறைந்து மணலில் வழிகிறது.
லாரி முழுசாக விழுந்திருக்கிறது,
சாக்கு இல்லை, மஞ்சள் எழுத்து பளிச்சென்று.
ஸ்ரீயை மட்டும்
அவர் தலை மறைத்திருக்கிறது.