வாழைநார்

தத்தனேரி வீட்டு மொட்டைமாடியில்
நீ விட்டுப்போன செடிகள் பதினொன்று.
பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை,
கைப்பிடி போன குக்கரில் புதினா,
மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் ஓமவல்லி.
காலண்டர் அட்டையைக் கத்தரித்து
ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதிக் குத்தி வைத்தாய், கார்த்தீஸ்வரி.
ஐப்பசி மழை எல்லாப் பெயரையும்
ஒரே நீலமாக்கிவிட்டுப் போனது.

டிப்போவில் பதினெட்டு வருடமாய்
கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்டுகிறவன்.
சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வேன்.
செடி சத்தம் போடாது.
அதுதான் அதற்கும் எனக்கும் தகராறு.

மல்லியை முழு விதையாய்ப் போட்டுவிட்டுப்
பத்து நாள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"செருப்பால தேச்சு ரெண்டாப் பொளந்து போடணும்"
என்றாய் மஸ்கட்டிலிருந்து,
யாரோ ஒரு நோயாளி பின்னால் "சிஸ்டர்" என்று கூப்பிட.
தேய்த்தேன். வந்தது.
ரசத்தில் கிள்ளிப் போட்ட முதல் ராத்திரி
கை கழுவாமல் படுத்தேன்.
பதினெட்டு வருட டீசலின் மேல்
ஒரு ராத்திரி மல்லி.

கறிவேப்பிலை சொன்னபடி கேட்டது,
புளித்த மோர் ஊற்றினால் போதும்.
கீழ்வீட்டு ரஹ்மத்து நிஷா
ரம்பை இலை கொடுத்துப் புதினா பறித்துப் போவார்.
ஞாயிற்றுக்கிழமை தூக்குச்சட்டியில்
அந்தப் புதினாவே பிரியாணியாகி மாடியேறி வரும்.

மரிக்கொழுந்துதான் செத்தது.

மூன்று நாளைக்கு ஒருமுறை குழாய்த் தண்ணி,
திருவிழா ஸ்பெஷல் பஸ்களுக்காக
நான் டபுள் டூட்டி பார்த்த வாரம்,
மேலே பங்குனி வெயில்.
இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை.
ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது
அதில் ஒரு கொத்தைக் கொண்டையில் செருகிக்கொண்டு
"ஆஸ்பத்திரி வாடைக்கு இதுதான் மருந்து" என்பாயே,
அதனால் சொல்லவில்லை.

"நாளைக்கு மரிக்கொழுந்தைக் காட்டுங்க" என்றாய்.

விடியக்காலை நாலு மணி, மாட்டுத்தாவணி.
ஈரச்சாக்கின் மேல் பச்சை பச்சையாய்க் கட்டுகள்.
"மாலைக்கா அண்ணே?"
"செடிக்கு."
வியாபாரி என்னை ஒருதரம் பார்த்தார்.
விலையைக் குறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் காய்ந்த தொட்டியில் ஊன்றி
தண்ணீர் தெளித்து
வெளிச்சம் பார்த்து போனைப் பிடித்தேன்.
நீ பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய்.
"நல்லாத் தழைஞ்சிருக்கு" என்றாய்.
"ஆமா."
"வாழைநாரும் சேந்து முளைச்சிருக்கே."

அவிழ்க்க மறந்த முடிச்சு
தண்டுகளின் இடுப்பில் அப்படியே இருந்தது.
நட்டும் போல்ட்டுமாய் வாழ்கிறவன்
ஒரு நாரைக் கோட்டைவிட்டேன்.

நீ சிரித்தாய். கேமரா ஆடுகிற அளவுக்குச் சிரித்தாய்.
பிறகு சிரிக்கவில்லை.
ஜன்னல் பக்கம் போனைத் திருப்பினாய்.
அங்கே தயிர்க்கப்பில்
வெள்ளிக்கிழமைதோறும் எனக்குக் காட்டுகிற உன் புதினா.
இரண்டு விரலால் தூக்கினாய்.
வேரில்லை.
ரப்பர் பேண்ட் இருந்தது.

"நாலு தடவ வச்சேன். ஏசிக் காத்துக்கு நிக்கல.
வாரம் ஒரு கட்டு வாங்குறேன்."

கூடல்நகர்ப் பக்கம் ஒரு ரயில் போனது.
அது முடியும்வரை இரண்டு பேரும்
தத்தம் பொய்யைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் அந்தக் கட்டைப் பிரித்து
உசிலம்பட்டி வண்டியின் கண்ணாடியில் பாதி செருகினேன்.
டிரைவர் சாமிக்கு என்று நினைத்துக்கொண்டார்.
மீதி, ரஹ்மத்து நிஷாவின் மகள் தலைக்கு.

நாரை மட்டும் எறியவில்லை.
பூவோடு சேராத நார்,
வெறும் இலையோடு சேர்ந்ததுதான்;
ஆனாலும் மணக்கிறது.
காற்றில் சாய்ந்த கறிவேப்பிலைக்கு
ஒரு குச்சி ஊன்றி அதனால் கட்டியிருக்கிறேன்.
வெள்ளிக்கிழமை காட்டுகிறேன்.
இதற்கு வேர் இருக்கிறது,
இழுத்துப் பார்த்துவிட்டேன்.